கண்ணிழந்தும் கலங்காத கூரத்தாழ்வான்

கன்னட நாட்டு நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, வாணியம்பாடியருகே தமிழகத்துள் புகுந்து, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியே கிழக்கு நோக்கிச் சென்று, காஞ்சி மாநகரின் தென்புறத்தைக் கடந்து கடலைச் சேர்கின்றது. அந்நதிக்கரையில் வாணியம்பாடியை அடுத்த உதயேந்திரம் பல்லவர் செப்பேட்டால் புகழ்பெற்றது போலவே, காஞ்சியை அடுத்த கூரம் என்னும் சிற்றூரும் பல்லவர் செப்பேட்டால் புகழ்பெற்றதாகும். ஆயினும் செப்பேட்டினும் நிலைத்த பெருமையைக் கூரத்திற்குத் தேடித் தந்தவர், 11ஆம் நூற்றாண்டில் அங்கு அவதரித்த கூரத்தாழ்வானே ஆவார்.

தை மாதத்து ஹஸ்த நட்சத்திரத்தில் அவதரித்த இம்மகானுக்குப் பெற்றோர் இட்ட திருநாமம் ஸ்ரீவத்ஸாங்கர் என்பதாம். பெருஞ்செல்வக் குடியில் பிறந்தவர். கல்வியிலோ அச்செல்வத்தினும் மிக்கவர். நாள்தோறும் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்க்கும் அன்னமிட்டு, இரவில் மாளிகைக் கதவைச் சாத்தும்போது எழுந்த மணியோசை காஞ்சிப் பேரருளாளன் சந்நிதி வரையில் கேட்டதென்றும், அது எவ்வோசை எனப் பெருந்தேவித் தாயார் வினவினார் என்றும் பெரியோர் கூறுவர். அதனைக் கேட்ட ஆழ்வான் பெருமை கொள்ளவில்லை; நாணினார். தம் வீட்டுக் கதவின் ஓசை இறைவன் செவியில் விழும் அளவுக்குத் தம் செல்வம் ஆரவாரிக்கின்றதே என வருந்தி, அனைத்தையும் துறந்து, எம்பெருமானார் ராமாநுசர் எழுந்தருளியிருந்த திருவரங்கத்தை நோக்கிப் புறப்பட்டார்.

வழியில் ஒரு காட்டைக் கடக்கையில், உடன் வந்த தேவிகள் ஆண்டாளுக்கு அச்சம் உண்டாயிற்று. மடியில் ஏதேனும் உண்டோ என ஆழ்வான் வினவினார். கணவர் அமுது செய்வதற்கென ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்து வந்ததை அம்மையார் தெரிவித்தார். ஆழ்வான் அதனை வாங்கித் தூர எறிந்தார். அச்சமும் அத்துடன் அகன்றது. அச்சத்தின் வேர் காட்டில் இல்லை, மடியில் உள்ளது என்பதை அவர் அறிந்திருந்தார். தம் நெஞ்சில் எழும் ஒவ்வோர் உணர்ச்சிக்கும் காரணத்தை வெளியே தேடாது உள்ளே தேடும் இப்பழக்கமே, பின்னாளில் நேர்ந்த பேரிடரில் அவரைக் காத்தது.

திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியால் காலங்கழித்த ஆழ்வான், எம்பெருமானாருக்கு வலக்கரமாய் விளங்கினார். ஸ்ரீபாஷ்யம் என்னும் பேருரையை எம்பெருமானார் சொல்லச் சொல்ல ஓலையில் எழுதியவர் அவரே. தம் கருத்துக்குப் பொருந்தாதது ஏதேனும் வருமாயின் எழுதுவதை நிறுத்திவிடுமாறு ஆசார்யர் முன்னமே நியமித்திருந்தார். ஆத்மாவின் இலக்கணத்தைக் கூறுமிடத்தில், அறிவுடைமையே அதன் இயல்பு என்று எம்பெருமானார் அருளிச்செய்ய, ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. ஆத்மா இறைவனுக்கே உரியது என்னும் சேஷத்வமே அதன் முதன்மையான இயல்பு என்பது அவர் கொண்ட துணிவு. எழுதாமை கண்டு சினந்த ஆசார்யர் அவரைத் திருவடியால் உதைத்துத் தள்ளினார். ஆழ்வான் சற்றும் முகம் வாடவில்லை. உடைமையை உடையவர் எவ்வாறு கையாண்டாலும் உடைமைக்கு வருத்தம் ஏது என்று அமைதியுற்றிருந்தார். பின்னர் எம்பெருமானாரே தெளிந்து, ஆழ்வான் கருதியவாறே எழுதச் செய்தார். தாம் யார், யாருக்கு உரியவர் என்னும் இவ்விரண்டையும் அவர் ஏட்டில் மட்டும் எழுதி வைக்கவில்லை; உள்ளத்திலும் எழுதிக்கொண்டார்.

அவ்வறிவைச் சோதிக்கும் காலமும் வந்தது. சோழ மன்னன் ஒருவன், தன் சமயமே உயர்ந்தது என ஓலையில் கையெழுத்திடுமாறு எம்பெருமானாரை அழைத்து வர ஆள் அனுப்பினான். அம்மன்னன் எவன் என்பதில் வரலாற்று ஆய்வாளர் ஒருமித்த கருத்துக் கொண்டாரிலர். மன்னனுக்கு இவ்வழியைக் காட்டிக் கொடுத்தவன் நாலூரான் என்னும் அமைச்சன் என்றும், அவன் ஆழ்வானிடமே பாடம் கேட்டவன் என்றும் மரபு கூறும். ஆபத்தை உணர்ந்த ஆழ்வான், ஆசார்யரின் காஷாயத்தைத் தாம் உடுத்து, எம்பெருமானாரை வெள்ளாடையில் மேல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, முதியவரான பெரிய நம்பிகளுடன் அரசவை சென்றார். கையெழுத்திட இருவரும் இசைந்திலர். அவ்வவையிலேயே இருவரும் கண்களை இழந்தனர். துயர் தாளாத பெரிய நம்பிகள் திரும்பும் வழியிலேயே ஆழ்வான் மடியில் தலைவைத்துத் திருநாடு எய்தினார்.

பார்வையும் போயிற்று, பெரியவரும் பிரிந்தார், ஆசார்யர் சென்ற திசையும் தெரியவில்லை. தட்டுத் தடுமாறித் திருவரங்கம் சேர்ந்த ஆழ்வானுக்கு அங்கு மற்றொரு சோதனை காத்திருந்தது. ராமாநுசர் சம்பந்தம் உடையோரைக் கோயிலுள் விடலாகாது என அரசாணை இருந்தது. வாயில் காப்போன், ஆழ்வான் யாவர்க்கும் நல்லவர் ஆதலின் அவரைத் தடுக்க வேண்டா என்றான். ஆழ்வானோ, ஆசார்ய சம்பந்தத்தை விலக்கிப் பெறும் நற்பெயரும் தரிசனமும் தமக்கு வேண்டா என மறுத்துத் திரும்பினார். பிறகு பாண்டி நாட்டுத் திருமாலிருஞ்சோலையில் தங்கிச் சுந்தரபாஹு ஸ்தவத்தை இயற்றினார். கண் காணாத அழகனைச் சொல்லால் கண்டு களித்த அந்நூல், துயரில் மூழ்காத உள்ளத்தின் சான்றாகும். அதனோடு ஸ்ரீவைகுண்ட ஸ்தவம், அதிமாநுஷ ஸ்தவம், வரதராஜ ஸ்தவம், ஸ்ரீஸ்தவம் ஆகியவையும் சேர்ந்து பஞ்சஸ்தவம் என வழங்கும்.

ஆண்டுகள் பல கழிந்து எம்பெருமானார் மேல்கோட்டையிலிருந்து திருவரங்கம் மீண்டார். பார்வையற்ற சீடரை மார்போடு தழுவிக் கண்ணீர் பெருக்கினார். தம் பொருட்டு அன்றோ இக்கேடு விளைந்தது என்னும் வேதனை அவரை வருத்தியது. ஆழ்வான் அவ்வேதனையை ஒரே மறுமொழியால் மாற்றினார். என்றோ ஒருநாள் ஓர் அடியாரின் திருமண்காப்புக் கோணலாய் உள்ளதென மனத்துள் நினைத்திருப்பேன், அதன் பயனாகவே இது நேர்ந்திருக்கும் என்று விண்ணப்பித்தார். இதனைத் தம்மைத் தாமே வதைத்துக்கொள்ளும் சொல் எனக் கொள்ளலாகாது. மன்னன் மீதும் நாலூரான் மீதும் செல்ல வேண்டிய சினத்தையும், ஆசார்யரை அரித்த குற்றவுணர்வையும் ஒருசேர அணைத்த அருட்சொல் அது. புண்பட்டவரே புண்படுத்தாதவர்க்கு ஆறுதல் கூறிய அருமை இங்குக் காணத்தக்கது.

எனினும் ஆசார்யரின் மனம் ஆறவில்லை. காஞ்சி வரதன் கேட்டவற்றை அளிப்பவன் ஆதலின், அவனைத் துதித்துக் கண்களைப் பெறுமாறு நியமித்தார். ஆழ்வான் சந்நிதியில் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பஞ் செய்தார். வேண்டுவது யாது எனப் பெருமாள் திருவுள்ளமானபோது, தமக்குக் கண்ணை வேண்டினாரிலர். தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். கண் மீளும் என ஆவலுடன் காத்திருந்த எம்பெருமானார் இதுகேட்டு முதலில் வருந்தினார். பெருமாளையும் ஆசார்யரையும் மட்டும் சேவிக்கும் பார்வை ஆழ்வானுக்கு அருளப்பட்டது என ஒரு மரபு கூறும். அப்பார்வை வருமுன்னரே அவர் நெஞ்சின் புண் ஆறிவிட்டது. தமக்குத் தீங்கிழைத்தவனையும் தம்மோடு ஒரே பேற்றில் சேர்க்க விழைந்த நெஞ்சில் வடு எங்ஙனம் தங்கும்?

இறுதிக் காலத்தில் ஆழ்வான் நம்பெருமாளிடம் திருநாட்டை வேண்டிப் பெற்றார். அவரோடு சம்பந்தமுற்றார் அனைவர்க்கும் அப்பேறு உண்டு எனப் பெருமாள் அருளியதைக் கேட்ட எம்பெருமானார், தமக்கும் அது உறுதியாயிற்று என்று மகிழ்ந்து மேலாடையை வானில் எறிந்து ஆடினார். தமக்குமுன் விரைந்தது ஏன் என ஆசார்யர் கலங்கி வினவ, அங்கு எழுந்தருளும் ஆசார்யரை எதிர்கொண்டு வரவேற்பது அடியவன் கடமை என்று ஆழ்வான் விடைகொண்டார்.

வாணியம்பாடியினின்று வரதனைச் சேவிக்கக் காஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள், சந்நிதியில் ஒரு கணம் ஆழ்வானை நினைத்தல் நலம். கூட்டாளி செய்த வஞ்சமோ, உறவினர் சொன்ன கடுஞ்சொல்லோ, கற்பித்தவன் கைவிட்ட துயரோ நெஞ்சில் இல்லாதார் அரியர். அவற்றை ஆற்றும் மருந்து பகைவனின் வீழ்ச்சியில் இல்லை என்பதையும், தாம் யாருக்கு உரியவர் என்று தெளிந்த நெஞ்சில் அது தானே ஊறும் என்பதையும் கண்ணிழந்த அம்மகான் வாழ்ந்து காட்டினார்.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.