சிறையில் விரிந்த உலகம்

13ஆம் நூற்றாண்டு, ஐரோப்பாவில் கோதிக் பேராலயங்கள் வானளாவ எழுந்துகொண்டிருந்த காலமாகும். கூர்முனை வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட அக்கோயில்கள், எழுத்தறியா மக்களுக்குச் சமயக் கதைகளைக் காட்டும் சித்திர ஏடுகளாக விளங்கின. பாரிசிலும் போலோனாவிலும் பல்கலைக்கழகங்கள் தழைத்தன. தாமஸ் அக்குவினாஸ் இறையியலைத் தருக்க நெறியில் விளக்கினார். அடுத்த தலைமுறையில் தாந்தே, இலத்தீனை விடுத்து மக்கள் மொழியில் பெருங்காப்பியம் இயற்றினார். ஆயினும், கீழ்த்திசை நாடுகளைப் பற்றி அக்கால ஐரோப்பியர் அறிந்தவை பெரும்பாலும் பழங்கதைகளே. அக்குறையை நீக்க முற்பட்டவர் ஒரு வணிகர். அவரே மார்க்கோ போலோ.

இளமையும் பயணமும்

மார்க்கோ போலோ 1254இல் வெனிஸ் நகரில், வணிகக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை நிக்கோலோவும் சிற்றப்பன் மாஃபியோவும் வணிகத்தின் பொருட்டு நெடுந்தொலைவு சென்றிருந்தமையால், அவர் தந்தையின் அரவணைப்பின்றியே வளர்ந்தார். 1269இல் தந்தை திரும்பியபோது தாய் உயிருடன் இல்லை. 1271இல், தம் 17ஆம் வயதில், தந்தையுடனும் சிற்றப்பனுடனும் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டார். மலைகளையும் பாலைகளையும் கடந்து, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பின் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் அவையை அடைந்தார். அங்கு 17 ஆண்டுகள் தங்கி, பேரரசின் பல பகுதிகளைக் கண்டறிந்தார்.

பாரசீக அரசருக்கு மணமகளாக அனுப்பப்பட்ட இளவரசிக்குத் துணையாக, 1292 அளவில் போலோக்கள் சீனத்திலிருந்து கப்பலேறினர். அக்கடற்பயணமே மார்க்கோவைத் தமிழகக் கரைக்குக் கொணர்ந்தது.

பாண்டிய நாட்டில்

அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி புரிந்துவந்தான். அரபு வணிகர்கள் மாபார் என்றழைத்த அந்நாட்டை மார்க்கோ விரிவாக வருணித்துள்ளார். முத்துக்குளிப்போர் கடலுள் மூழ்கும் முறையையும், கிடைத்த முத்தில் பத்திலொரு பங்கு அரசனுக்குச் சேர்ந்ததையும் குறித்துள்ளார். காயல் துறைமுகத்துக்கு ஓர்முசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதையும், வளர்க்கும் முறை அறியாமையால் அவை விரைவில் மடிந்ததையும் எழுதியுள்ளார்.

கடன் வழக்கு ஒன்றும் அவர் நூலில் உண்டு. கடனாளியைச் சுற்றிக் கடன் கொடுத்தவர் வட்டம் வரைந்துவிட்டால், கடனைத் தீர்க்காமலோ தக்க பிணை தராமலோ அவ்வட்டத்தைத் தாண்டலாகாது. அயல்நாட்டு வணிகர் ஒருவர், குதிரைமேல் வந்த அரசனைச் சுற்றியே அவ்வாறு வட்டமிட்டார். அரசன் அங்கேயே நின்று, கடனைத் தீர்த்த பின்னரே அகன்றான். சட்டம் அரசனையும் கட்டுப்படுத்தியதைத் தாம் நேரில் கண்டதாக மார்க்கோ பதிவுசெய்துள்ளார்.

புனித தோமையாரின் கல்லறை இக்கரையில் இருந்ததையும், அங்கிருந்து அடியவர்கள் மண் எடுத்துச் சென்று நோயுற்றோர்க்கு அளித்ததையும் அவர் நூல் குறிப்பிடுகிறது. நங்கநல்லூரை அடுத்துள்ள பரங்கிமலையும் மயிலாப்பூரைச் சார்ந்த சாந்தோமும் தோமையார் மரபுடன் இன்றும் தொடர்புபடுத்தப்படுகின்றன. மார்க்கோவின் காலத்தில் ஐரோப்பாவில் தழைத்திருந்த கோதிக் கட்டடப் பாணியிலேயே இன்றைய சாந்தோம் பேராலயம் 1896இல் எழுப்பப்பட்டது.

நூல் பிறந்த கதை

1295இல் தாயகம் திரும்பிய மார்க்கோ, வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் இடையே நிகழ்ந்த போரில் சிறைப்பட்டார். ஜெனோவாச் சிறையில் பைசா நகரத்து ருஸ்டிச்செல்லோ அவருடன் இருந்தார். ஆர்தர் மன்னனின் வீரக்கதைகளை எழுதியவர் அவர். 1298இல் மார்க்கோ சொல்லச் சொல்ல, ருஸ்டிச்செல்லோ இத்தாலியம் கலந்த பிரெஞ்சு மொழியில் எழுதினார். வணிகரின் கணக்குப் பார்வையும் கதைஞரின் சொல்நடையும் அந்நூலில் இணைந்தன. அதன் மூலப்படி கிடைக்கவில்லை. இன்றுள்ள ஏறத்தாழ 150 கையெழுத்துப் படிகள், நம் ஏட்டுச்சுவடிகளைப் போலவே பாடவேறுபாடுகள் கொண்டவை.

ஐயமும் சான்றும்

சீனத்தில் காகிதம் பணமாகப் புழங்குகிறது, கருங்கற்கள் விறகுபோல் எரிகின்றன என்ற செய்திகளை ஐரோப்பியர் பலர் நம்ப மறுத்தனர். அக்கருங்கற்கள் நிலக்கரியே. இறக்கும் தறுவாயில், மிகைபடக் கூறியவற்றைத் திரும்பப் பெறுமாறு நண்பர்கள் வேண்டியதாகவும், கண்டவற்றில் பாதியைக்கூடத் தாம் கூறவில்லை என்று அவர் மறுமொழி தந்ததாகவும் கூறுவர். அவர் 1324இல் மறைந்தார்.

மார்க்கோ கண்டவற்றோடு, பிறர் சொல்லக் கேட்டவற்றையும் எழுதினார். எனவே அவர் கூற்றுகள் அனைத்தையும் அப்படியே ஏற்பதும் தவறு. முற்றாகத் தள்ளுவதும் தவறு. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் பாண்டிய நாட்டுக் குதிரை வணிகத்தைத் தனியே பதிவுசெய்துள்ளார். கால்டுவெல், காயலில் சீனப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்தார். இவை மார்க்கோவின் சொல்லுக்கு வலுச்சேர்த்தன. ஒருவர் சொல்லைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டு, அதன்பின் ஏற்பதே வரலாற்று ஆய்வின் நெறி. அந்நெறியால் ஆராயப்பட்டே, ஐரோப்பியர் ஐயுற்ற அந்த வணிகரின் நூல் பிற்காலப் பாண்டியர் வரலாற்றுக்கு அயலகச் சான்றாக இன்று பயன்படுகிறது.