தேசிங்கும் பாராசாரியும்

குதிரை தமிழகத்திற்குக் கப்பலேறி வந்த பிராணி. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வணிகர்கள் அதைக் கொண்டுவந்து நம் துறைமுகங்களில் இறக்கினர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கியதையும், ஓராண்டிற்குள் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்ததையும் எழுதி வைத்துள்ளார். குதிரையைப் பேணும் முறை அறிந்தவர் இங்கில்லை என்பதும், சோற்றோடு இறைச்சியை வேகவைத்து அதற்குத் தீனியாக இட்டனர் என்பதும் அவர் கூறும் காரணங்கள். பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்த உயிரின் இயல்பைக் கற்கும் பொறுமை இருக்கவில்லை.

அதே மண்ணில் ஒரு குதிரையின் பெயர், அதன்மீது அமர்ந்தவரின் பெயரோடு இணைந்து மூன்று நூற்றாண்டுகளாக மக்கள் நாவில் வாழ்ந்து வருகிறது. குதிரை பாராசாரி. அமர்ந்தவர் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா.

தேசிங்கின் இயற்பெயர் தேஜ் சிங். அவர் புந்தேலா ராஜபுத்திர மரபினர். மொகலாயப் படை 1698-இல் செஞ்சியைக் கைப்பற்றியபின், பேரரசர் ஔரங்கசீப் அக்கோட்டையின் பொறுப்பை தேசிங்கின் தந்தை ஸ்வரூப் சிங்கிடம் ஒப்படைத்தார். இளமையில் தேசிங்கு பெற்ற பயிற்சி பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. கதைப்பாடலோ விரிவாகப் பேசுகிறது.

டில்லி பாதுஷாவிடம் எவருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருந்ததாம். அதன்மீது ஏற முயன்று தோற்ற தேசிங்கின் தந்தை சிறைப்பட்டார். தந்தையை மீட்கச் சென்ற சிறுவன், திருவரங்கப் பெருமானை நினைந்து அக்குதிரையில் ஏறி அமர்ந்தான். குதிரையும் பணிந்தது. அதையே பரிசாகப் பெற்று, மணமகளோடு ஊர் திரும்பினான்.

இதை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் கூடியிருந்த வீரர்களின் வலிமையால் ஆகாதது ஒரு சிறுவனால் ஆயிற்று என்று மக்கள் பாடியதில் பொருளுண்டு. குதிரை இயல்பில் புல் மேயும் உயிர். ஆபத்து என்றால் ஓடித் தப்புவதே அதற்கு இயற்கை தந்த வழி. பக்கவாட்டில் அமைந்த அதன் கண்கள் ஏறத்தாழ எல்லாத் திசைகளையும் ஒருங்கே காண்கின்றன. முதுகில் இருப்பவரின் அச்சமும் சினமும் அவரது உடலின் இறுக்கத்தின் வழியாக அதற்கு உடனே எட்டிவிடும். கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தால் இரும்பு அதன் ஈறில் அழுந்தும். அடித்து ஏறுபவர் அதன் அச்சத்தை வளர்க்கிறாரே தவிரத் தணிப்பதில்லை.

சாக்ரடீஸின் மாணவரும் போர்வீரருமான செனஃபோன், கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். சினத்தோடு ஒருபோதும் குதிரையை அணுகலாகாது என்பது அவரது முதன்மையான விதிகளுள் ஒன்று. ஒரு பொருளைக் கண்டு குதிரை மிரண்டால், அடிக்காமல் மெல்ல அதன் அருகே அழைத்துச் செல்ல வேண்டும். அடித்தால், அடியின் வலியையும் அந்தப் பொருளால் வந்ததாகவே அது எண்ணிக்கொள்ளும் என்கிறார். கட்டாயத்தால் செய்யும் செயலில் அறிவும் இல்லை, அழகும் இல்லை என்பது அவர் கருத்து. புலன்களைக் குதிரைகளாக உருவகிக்கும் கடோபநிஷதத்தை நம் வாசகர்கள் அறிவர். அந்த உருவகத்தை அடக்குதல் என்ற ஒரே பொருளில் படித்துவிடுகிறோம். அதில் வரும் நல்ல குதிரைகள் சாரதியிடம் பழகியவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

தந்தை மறைந்தபின் தேசிங்கு செஞ்சிக்கு வந்து பொறுப்பேற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார். பேரரசர் அளித்த உரிமை தமக்குண்டு என்று தேசிங்கு மறுத்தார். பெரும்படை வந்தது. தேசிங்கிடம் இருந்தவர்கள் சில நூறு குதிரைவீரர்களே. நண்பர் மகபத் கான் மணமேடையிலிருந்து எழுந்து வந்து உடன் நின்றார் என்கிறது கதைப்பாடல். சிங்கவரம் அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போரைத் தடுத்தார் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. தேசிங்கு பொறுத்திருக்கவில்லை.

வழியில் ஆறு வெள்ளமாக ஓடியது. அடி தெரியாத நீரில் இறங்கக் குதிரை இயல்பாகவே தயங்கும். பாராசாரி இறங்கியது, கரையும் ஏறியது. உடன் வந்தவர்களில் பலர் பின்தங்கினர்.

இங்குதான் நம் மனம் சங்கடப்படுகிறது. அன்பினால் பெற்ற நம்பிக்கைக்கும் ஒரு பொறுப்பு உண்டல்லவா? சவுக்குக்கு அஞ்சிய குதிரை ஆற்றங்கரையிலேயே திமிறி நின்று உயிர் தப்பியிருக்கக்கூடும். தலைவரை நம்பிய குதிரை, தனக்குச் சற்றும் தொடர்பில்லாத வரிப்பாக்கி வழக்கிற்காக வாள்களின் நடுவே சென்றது. தேசிங்கின் வீரத்தைப் போற்றுபவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் தமது உயிரையும் அதே களத்தில் வைத்தார் என்பது உண்மையே. ஆனால் அது அவர் தாமே தேர்ந்த வழி.

1714 அக்டோபர் 3 அன்று போர் நிகழ்ந்தது. பாராசாரியின் கால்கள் வெட்டுண்டன என்றும், தேசிங்கு தரையில் நின்று போரிட்டு மடிந்தார் என்றும் வழக்கு. அப்போது அவருக்கு வயது 22. ஆட்சி ஓராண்டுகூட நிறையவில்லை. மகபத் கானும் வீழ்ந்தார். தேசிங்கின் உடலுக்குச் செஞ்சியில் செட்டிக்குளக் கரையில் எரியூட்டினர்; இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டையை அமைத்தார் என்பர்.

போர் நடந்த பகுதியை அடுத்த நீலாம்பூண்டியில் மகபத் கானின் சமாதியைக் காட்டுகிறார்கள். அங்கேயே பாராசாரிக்கும் ஒரு சமாதி இருக்கிறது.