வயதை வென்ற வீரர்

பூப்பந்து வீரர் வோங் பெங் சூன் ஜொகூர் பாருவில் பிறந்தவர். சிங்கப்பூரில் விளையாடிப் பெயர் பெற்றவர். அவரது இளமையின் சிறந்த ஆண்டுகளை இரண்டாம் உலகப்போர் பறித்துக்கொண்டது. ஆயினும், அவர் மட்டையைக் கைவிடவில்லை. 1949ஆம் ஆண்டு மலாயா முதல் தாமஸ் கிண்ணத்தை வென்றபோது அவரும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார்.

மறு ஆண்டு, அகில இங்கிலாந்துப் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆசியர் என்னும் பெருமையை அவர் அடைந்தார். அப்போதே அவர் முப்பது வயதைக் கடந்திருந்தார். 1951, 1952ஆம் ஆண்டுகளிலும் பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டார்.

அடுத்த ஈராண்டுகள் பினாங்கு இளைஞர் எடி சூங்கின் காலம். உருவத்தில் சிறியவரான எடி, துள்ளி எழுந்து பந்தை அடிப்பதில் வல்லவர். 1953, 1954ஆம் ஆண்டுகளில் பட்டம் அவர் வசமானது. நாற்பதை நெருங்கிய வோங்கால் நான்காவது முறையும் வெல்ல இயலுமா?

1955ஆம் ஆண்டின் இறுதியாட்டம் அதற்கு விடை தந்தது. அவரை எதிர்த்து ஆடியவர் அதே எடி சூங். இளைஞரின் வேகத்தை வோங் சீரான காலசைவாலும் துல்லியமான அடிகளாலும் எதிர்கொண்டார். ஆட்டம் மூன்றாம் சுற்றுவரை நீண்டது. முடிவில், வோங்கே வென்றார். நான்காவது பட்டம் அவர் கைக்கு வந்தது.

1956, 1957ஆம் ஆண்டுகளில் வென்று எடியும் நான்கு பட்டங்களை எட்டினார். மூத்தவர் தொட்ட உயரமே இளையவருக்கும் இலக்காக அமைந்தது. பின்னாளில் பயிற்றுநராகவும் விளங்கிய வோங், 1996ஆம் ஆண்டு மறைந்தார். உடல் தளரும் வயதிலும் இடைவிடாத பயிற்சி பலன் தரும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.