ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் பெயரில் ஒரு 'மெஷின்': சூத்திரத்தை ஏஐ சொன்னால் நிரூபிப்பது யார்?

கோவை மதுக்கரையில் ரயில் தண்டவாளத்தை யானை நெருங்கினால், ஏஐ கேமரா கண்டுபிடித்து எச்சரிக்கை கொடுத்துவிடும். 2024 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. கேமரா சொன்னது சரியா, தப்பா என்று வனத்துறை ஊழியர் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். ஆனா, ஒரு கம்ப்யூட்டர் புதிதாக ஒரு கணித சூத்திரத்தைச் சொன்னால்? அதை எங்கே போய்ப் பார்ப்பது?

இதே சிக்கலை நூறு வருஷத்துக்கு முன்னாடியே உருவாக்கியவர், மதுக்கரை வழியாகப் போகும் அதே ரயில் பாதையில் இருக்கும் ஈரோட்டில் பிறந்தவர். சீனிவாச ராமானுஜன்.

சிலேட்டில் அழிந்துபோன நிரூபணம்

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், அம்மா வழித் தாத்தா வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். அப்பா ஜவுளிக்கடை குமாஸ்தா. பள்ளிக்கூட நாட்களில் கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு ஒன்று கையில் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் இருந்தன, விளக்கம் மட்டும் ரொம்பக் குறைவு. கணிதம் என்றாலே முடிவை மட்டும் எழுதுவதுதான் போல என்று அந்தப் பையன் நினைத்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. காகிதம் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், கடைசி விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றுவார். வந்த வழி அழிந்துபோகும். மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் கல்லூரித் தேர்விலும் தோல்வி.

1913 ஜனவரியில், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்தபடி, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள், நிரூபணம் இல்லாமல். அதற்கு முன் அங்கே இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் பலன் கிடைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய நிரூபணம் இல்லாத சூத்திரக் குவியலுக்கு யார் நேரம் ஒதுக்குவார்?

ஹார்டி ஒதுக்கினார். சக பேராசிரியர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை, சில அதுவரை யாருமே பார்த்திராதவை. பகா எண்கள் பற்றிய ஒரு முடிவு தப்பு. இதைப் பலரும் சொல்வதில்லை, ஆனா முக்கியம். ராமானுஜனுக்கே தப்பும் நடந்தது. சரியானதும் தப்பானதும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன. நிரூபணம் அனுப்பச் சொல்லி ஹார்டி திரும்பத் திரும்பக் கேட்டது அதனால்தான்.

1914-ல் இங்கிலாந்து போனார். ஐந்து வருஷம் ஒருவர் கணிப்பதும், இருவரும் சேர்ந்து நிரூபிப்பதுமாகப் போனது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அதற்குள் உடம்பு கெட்டுவிட்டது. 1919-ல் ஊர் திரும்பி, சில காலம் காவிரிக் கரையில் கொடுமுடியில் தங்கிப் பார்த்தார். தேறவில்லை. 1920 ஜனவரியில் 'மாக் தீட்டா' சார்புகள் பற்றி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம். ஏப்ரல் 26-ல் சென்னையில் மரணம். வயது 32.

கம்ப்யூட்டர் போட்ட கணக்கு

அவர் விட்டுப்போன கணிப்புகளைச் சரிபார்க்க எவ்வளவு நாள் ஆனது? 1916-ல் சொன்ன ஒன்றை 1974-ல்தான் பெல்ஜியத்தின் பியர் டெலின் நிரூபித்தார். மாக் தீட்டாவுக்குச் சரியான விளக்கம் வந்தது 2002-ல். மூன்று நோட்டுப் புத்தகங்களில் இருந்த 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகளை அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டு முடிக்கும்போது 1990-கள் முடியப்போயின.

நடுவில் ஒரு வேடிக்கை. 'பை' மதிப்பைக் கண்டுபிடிக்க ராமானுஜன் 1914-ல் ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார். ஒவ்வொரு படிக்கும் சுமார் எட்டு இலக்கம் கூடுதலாகக் கிடைக்கும். 1985-ல் பில் காஸ்பர் என்பவர் அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டி சுமார் 1.75 கோடி இலக்கங்களை எடுத்தார். சூத்திரத்துக்கு முழு நிரூபணம் அப்போது வெளிவந்திருக்கவில்லை! ஏற்கெனவே ஜப்பானில் போட்டிருந்த கணக்கோடு ஒத்துப்போனதால் சரி என்று தெரிந்தது. போர்வைன் சகோதரர்களின் நிரூபணம் வந்தது 1987-ல்.

இப்போ விஷயம் தலைகீழ். இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ராமானுஜன் மெஷின்' பற்றிய ஆய்வு 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. பை போன்ற மாறிலிகளுக்குப் புதுச் சூத்திரங்களைத் தேடித் தரும் அல்காரிதம் இது. ஏஐ என்று செய்திகள் எழுதினாலும், சாட்ஜிபிடி மாதிரி பேசுவது அல்ல. லட்சக்கணக்கான வாய்ப்புகளைப் போட்டுப் பார்த்து, இலக்கங்கள் பொருந்துகிறதா என்று தேடும். பொருந்தினால் கணிப்பு ரெடி. அது ஏன் சரி என்று அதற்குத் தெரியாது.

நிரூபிக்கிற வேலைக்கும் மெஷின் வரத் தொடங்கிவிட்டது என்பது உண்மை. 2024 சர்வதேச கணித ஒலிம்பியாட்டின் ஆறு கேள்விகளில் நான்கை கூகுள் டீப்மைண்டின் ஏஐ தீர்த்தது. ஆனா அவை விடை உண்டு என்று தெரிந்த, மாணவர்களுக்கான கேள்விகள். ராமானுஜன் மெஷின் கொடுத்த கணிப்புகளில் சிலவற்றுக்கு மனிதர்கள் நிரூபணம் கொடுத்துவிட்டார்கள். சில ஏற்கெனவே தெரிந்தவை. மற்றவற்றை, 1913 கடிதத்தைப் போலவே, யாராவது உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.