அசோகர் நட்ட மூலிகை

மௌரிய வேந்தர் அசோகர், பிந்துசாரரின் மைந்தர், சந்திரகுப்தரின் பேரர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பாடலிபுத்திரத்திலிருந்து ஆண்டார். முடிசூடி 8 ஆண்டுகள் கழிந்தபின் கலிங்கத்தின்மீது படையெடுத்து வென்றார். 1,00,000 பேர் மாண்டனர். 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர். இக்கணக்கை எழுதியவர் பகைவரல்லர். வென்றவரே தம் குற்றத்தைப் பாறையில் பொறித்து வருந்தினார். அறத்தால் பெறும் வெற்றியே தலையாயதெனத் தெளிந்தார்.

அன்பர்களே! அவர் பிணி தீர்க்க முயன்ற முறையைக் கவனியுங்கள். மருத்துவ உதவி அளித்ததோடு அமையவில்லை. மூலிகை இல்லாத இடங்களுக்கு வேறிடத்திலிருந்து தருவித்து நடச் செய்தார். மனிதர்க்கும் விலங்குகட்குமான இவ்வுதவி சோழ, பாண்டிய, சத்தியபுத்திர, கேரளபுத்திர நாடுகளையும் எட்டியதெனக் கல்வெட்டு கூறுகிறது. வழிநெடுக ஆலமரம் நட்டு, கிணறுகளும் வெட்டுவித்தார்.

உயிர்க்கொலையைத் தடுக்கச் சட்டமும் இயற்றினார். ஆயினும் சட்டத்தால் விளைந்த நன்மை சிறிது, மனம் தெளியச் செய்ததால் விளைந்ததே பெரிது என்று முதிர்ந்த வயதில் கண்டு, அதனையும் தூணில் பொறித்தார்.

அவர் மறைந்து சுமார் 50 ஆண்டுகளில் மௌரியப் பேரரசு வீழ்ந்தது. படைகள் போயின; கல்லெழுத்து நின்றது. மறந்துபோன அவ்வெழுத்தை 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தார்.

கடன் வாங்கிக் கடன் அடைப்பதும், குடித்துக் கவலை மறப்பதும் ஓரிரவு மருந்தே. விடிந்தால் நோய் இரட்டிக்கும். குடியை விடும் உறுதியும், கூலியில் சேமிக்கும் காசும், பிள்ளைகளின் கல்வியுமே நம் முற்றத்தில் நாம் நடும் மூலிகைகள். அவை தழைக்க நாளாகும். எனவே இன்றே நடுவோமாக.