மலையிறங்கிய மன்னன்

செஞ்சி ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. எண்ணிக்கையில் பெரிதாகத் தோன்றாத இந்த உயரத்தை ஏறிப் பார்த்தவர்களே அறிவர். முட்புதர்களும் உருண்டு நிற்கும் பெரும்பாறைகளும் சூழ்ந்த வறண்ட மலை அது. வெயில் ஏறிவிட்டால் பாறையே அடுப்பாகிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குவதுதான் அறிவுடைமை. வாயில் மேல் வாயிலாகக் கடந்து மூச்சிரைக்க மேலே சென்றால், உச்சிப் பாறைக்கும் மலைக்கும் இடையே ஆழமான பிளவொன்று குறுக்கிடும். அந்நாளில் அதன்மேல் தூக்குப்பாலம் இருந்தது. அதைத் தூக்கிவிட்டால், விரல்விட்டு எண்ணத்தக்க வீரர்களே பெரும்படையைத் தடுத்துவிடலாம்.

அந்த அரண் எத்தகையது என்பதை முகலாயர் நன்கறிவர். 1677-இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டைக்கு அவருடைய மகன் ராஜாராம் அடைக்கலம் தேடி வந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை இதைச் சூழ்ந்து கிடந்தான். கோட்டை விழுந்தபோதும் ராஜாராம் அகப்படவில்லை. முன்பே தப்பிச் சென்றுவிட்டான்.

இத்தகைய பாறையைக் கையில் வைத்திருந்த ஒருவன், முற்றுகைக்குக் காத்திராமல் சமவெளிக்கு இறங்கிச் சென்று 22 வயதில் மாண்டான். செஞ்சியை ஆண்டவர்களில் மிகக் குறைந்த காலம் ஆண்டவர்களுள் அவனும் ஒருவன். ஆயினும், அந்த ஊரின் பெயரைச் சொன்னதும் தமிழர் நினைவுக்கு வருபவன் அவனே.

தேஜ்சிங் என்பது அவன் பெயர். அது தமிழர் நாவில் தேசிங்கு ஆயிற்று. வடக்கே பந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரக் குடும்பம். அவனுடைய தந்தை சொரூப்சிங்குக்கு ஔரங்கசீப் செஞ்சிக் கோட்டையையும் அதைச் சார்ந்த ஜாகீரையும் அளித்திருந்தார். 1714-இல் தந்தை இறந்தபின் மகன் பொறுப்பேற்றான். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஔரங்கசீப் மறைந்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. டில்லியில் புதிய பாதுஷா. ஆற்காட்டில் நவாப் சாதத்துல்லா கான். தந்தைக்கு வழங்கப்பட்ட ஆணை தனக்கும் உரியது என்பது தேசிங்கின் வாதம். புதிய ஆணையின்றி உரிமை இல்லை, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த நிலுவையையும் செலுத்த வேண்டும் என்பது நவாபின் நிலை.

ஆக, தேசிங்கு ராஜன் கதையாக ஊர்தோறும் பாடப்பட்ட அந்த வீரகாவியத்தின் அடியில் கிடப்பது ஒரு வரிபாக்கித் தகராறு. இப்படிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். ஆனால், அந்த நூற்றாண்டின் போர்களில் பலவற்றைத் தோண்டினால் அடியில் கணக்கேடுதான் கிடைக்கும். சட்டப்படி பார்த்தால் நவாபின் பக்கமும் நியாயம் இருந்தது. ஜாகீர் என்பது பரம்பரைச் சொத்தன்று. பேரரசு தளர்ந்துவிட்ட காலத்தில் அந்த விதியை யார், யாருக்காக நடைமுறைப்படுத்துவது என்பதே உண்மையான கேள்வி.

நவாபின் படை ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தது. தேசிங்கிடம் இருந்தவர்களோ சில நூறு குதிரை வீரர்கள். கோட்டைக்குள் இருந்துகொண்டே காலம் கடத்தியிருக்கலாம். மலைமேல் சுனை உண்டு, அடிவாரத்தில் பெரிய களஞ்சியங்கள் உண்டு. அவன் கீழே இறங்கினான். 1714 அக்டோபர் 3 அன்று செஞ்சிக்கு அருகே தேவனூர்ப் பக்கம் நடந்த போரில் வீழ்ந்தான்.

இது இளமையின் மூர்க்கம் என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மலைமேல் இருப்பவன் கோட்டையைக் காக்கலாம். சுற்றியுள்ள ஊர்களைக் காக்க இயலாது. முற்றுகை நீண்டால் பாழாவது சமவெளியின் வயல்கள்தாம். முந்தைய எட்டாண்டு முற்றுகையில் அந்த வட்டாரம் பட்ட பாட்டைக் கண்டவர்கள் அப்போதும் உயிரோடு இருந்திருப்பார்கள். தேசிங்கு இதை எண்ணித்தான் இறங்கினான் என்று சொல்ல வரவில்லை. குதிரைமேல் வளர்ந்த ராஜபுத்திரனுக்குப் பாறைக்குப் பின்னால் பதுங்குவது இழிவாகவும் பட்டிருக்கலாம். ஆனால், தங்கள் மண்ணில் வந்து செத்தவனைத் தம்மவனாக அந்த ஊர்கள் ஏற்றுக்கொண்டதற்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள சிங்கவரம் இந்த நினைவின் இன்னொரு முகம். படியேறிச் சென்றால், பல்லவர் காலக் குடைவரையில் ஏறத்தாழ 24 அடி நீளத்தில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். பாறையிலேயே செதுக்கிய திருமேனி. தேசிங்கு வழிபட்ட தெய்வம் இவரே என்பர். போருக்கு விடைபெற வந்தவனைப் போகவேண்டாம் என்று தடுக்க, கேளாமல் அவன் கிளம்பியதால் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று, சற்றே திரும்பிய தலையைக் காட்டி இன்றும் கதை சொல்கிறார்கள். சிலையோ அவனுக்கு ஓராயிரம் ஆண்டு மூத்தது! கதைக்கு அது பொருட்டன்று.

அதே சிங்கவரத்தை ஒட்டிய திருநாதர்குன்றில், பாறை முகப்பில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசையாக அமர்ந்திருக்கின்றன. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் பழங்கல்வெட்டும் அங்கே உண்டு. அவர் பாறையிலேயே இருந்து இறந்தவர். இவன் இறங்கிச் சென்று இறந்தவன். இரண்டு குன்றுகளையும் ஒரே நாளில் ஏறி இறங்குபவருக்கு இந்த எண்ணம் எழாமல் போகாது.

தேசிங்கின் கதையில் தவிர்க்க முடியாத மற்றொருவன் அவனுடைய நண்பன் மகபத்கான், பாட்டில் மோவுத்துக்காரன். திருமணக் கோலத்தைக் களைந்துவிட்டு நண்பனுக்காகப் போருக்குப் புறப்பட்ட இசுலாமியன் அவன். எதிரே நின்ற நவாபும் இசுலாமியரே. இதை மதப்போராகப் பாட நாட்டுப்புறப் பாடகர்களுக்குத் தோன்றவில்லை. 1960-இல் இக்கதை திரைப்படமானபோது தேசிங்காக எம்.ஜி.ஆர். நடித்தார்.

தேசிங்குக்குப் பின் செஞ்சியின் அரசியல் முதன்மை ஆற்காட்டுக்குப் போய்விட்டது. முகலாயர் எட்டாண்டு போராடிய கோட்டையை 1750-இல் பிரெஞ்சுக்காரர் ஒரே இரவில் பிடித்தனர். 1761-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள் என்னும் தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. மகிழத்தக்க செய்திதான். ஆனால், மராட்டியர் செஞ்சியை ஆண்டது ஏறத்தாழ 20 ஆண்டுகளே. கோன்களும் நாயக்கர்களும் கட்டி எழுப்பியதை, பந்தேலா இளைஞன் ஒருவனின் சாவால் நினைவில் நிற்பதை, அந்தத் தலைப்பு தாங்காது. இனி வரப்போகும் பயணிகளுக்கு வழிகாட்டும் பலகைகளில் சிங்கவரமும் திருநாதர்குன்றும் தேவனூர் வெளியும் இடம்பெற வேண்டும். ராஜகிரியின் அடிவாரத்தில் செட்டிகுளக் கரையில், தேசிங்கின் உடலோடு அவன் மனைவியும் தீப்புகுந்ததாகச் சொல்லப்படும் இடத்தையும் மலையேறி இறங்குபவர்கள் கண்டு செல்லட்டும். அந்தப் பெண்ணின் நினைவாகவே ராணிப்பேட்டைக்கு அப்பெயரை நவாப் இட்டார் என்பது வழக்கு.