எல்லைக்கு இப்புறம் வாழ்ந்த பேராசிரியர்

நம் சங்கத்து விழாக்கள் யாவும் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குதல் மரபு. ஆயினும் அதனை இயற்றியவர் மதுரையிலோ தஞ்சையிலோ வாழ்ந்தவர் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றனர். உண்மை அதுவன்று. பாறசாலையில் வண்டி ஏறி, நெய்யாற்றின்கரை கடந்து, நம்மவர் நாள்தோறும் அலுவலுக்குச் செல்லும் திருவனந்தபுரமே அப்பெருந்தகை வாழ்ந்து மறைந்த ஊர். பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்களின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அவர் 1855ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஆலப்புழையில் பெருமாள் பிள்ளைக்கும் மாடத்தி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றினார். முன்னோர் மதுரையினின்றும் மலையாள நாடு புக்கவர். ஆதலின் அவர் குடும்பமும் நம்முடையது போல் ஊர்விட்டு ஊர் வந்த குடும்பமே என்க. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று 1876இல் பி.ஏ. பட்டமும், 1880இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். இடையே நெல்லையில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தார்; அப்பள்ளியே பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளைத் தம் ஞானகுருவாகக் கொண்டார். 1882 முதல் மூன்றாண்டுகள் திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையில் பணியாற்றினார். எனினும் கோப்புகளினும் நூல்களே அவர் உள்ளத்தை ஈர்த்தன. 1885இல் மகாராஜா கல்லூரிக்குத் தத்துவப் பேராசிரியராக மீண்டு, இறுதிவரை அப்பணியிலேயே நின்றார். பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த மனைக்குத் தம் ஆசிரியர் டாக்டர் ஹார்வியின் நினைவாக ஹார்விபுரம் எனப் பெயரிட்டமை அவர்தம் நன்றியுணர்வைக் காட்டும்.

திருவிதாங்கூரின் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்து, அந்நாட்டுப் பண்டை மன்னர் வரிசையை 1894இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். திருஞானசம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என அறிஞர் கால்டுவெல் முதலானோர் கருதியிருந்தனர். அவர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவராகார் எனச் சான்றுகளால் நிறுவியவர் நம் பேராசிரியரே.

1891இல் மனோன்மணீயம் என்னும் செய்யுள் நாடகம் வெளிவந்தது. லிட்டன் பிரபு எழுதிய ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி, ஐந்து அங்கங்களில் அமைந்த நூல் அது. எல்லையில் வாழும் நாம் அதன் கதையைச் சற்றே ஊன்றி நோக்குதல் வேண்டும். பாண்டியன் சீவகனுக்கும் சேரன் புருடோத்தமனுக்கும் போர் மூள்கிறது. போர் எதன் பொருட்டு? நாஞ்சில் நாடு எவர்க்கு உரியது என்னும் வழக்கின் பொருட்டே! அமைச்சன் குடிலன் தன்னலம் கருதி மூட்டிய தீ அது. முடிவிலோ, கனவில் ஒருவரையொருவர் கண்டு காதலித்திருந்த பாண்டியன் மகளும் சேர மன்னனும் மாலையிட்டு மணக்கின்றனர். எல்லைப் பூசலாகத் தொடங்கியது உறவாக நிறைவுறுகிறது.

அந்நூலின் முகப்பில் நிற்கும் தமிழ்த்தெய்வ வணக்கத்தினின்றும் எடுக்கப்பட்டதே நாம் பாடும் வாழ்த்து. கரந்தைத் தமிழ்ச் சங்கம் தன் கூட்டங்களில் அதனை நெடுநாள் பாடிவந்தது. 1970இல் கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு அதனை அரசு விழாக்களின் வாழ்த்தாக்கிற்று. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் மோகன இராகத்தில் இசை அமைத்தார். 2021 டிசம்பரில் அது தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது.

மூலப்பாடலின் சில அடிகள் இவ்வாழ்த்தில் இல்லை. மலையாளம் முதலிய அண்டை மொழிகள் தமிழினின்றும் பிறந்தன என்பனவும், வடமொழி பேச்சு வழக்கொழிந்தமையைக் குறிப்பனவும் விடப்பட்டன. தாயைப் போற்றப் பிறர் தாயைக் குறைத்துரைக்க வேண்டுவதில்லை. மலையாளப் பெருமக்களுடன் அடுத்தடுத்த வீட்டில் வாழும் நமக்கு, விடப்பட்டது நன்றே எனத் தோன்றுகிறது.

இத்துணையும் ஆற்றிய பெரியார் 1897 ஏப்ரல் 26ஆம் நாள் மறைந்தபோது அவர்க்கு வயது 42 மட்டுமே. ஒரே மகன் நடராசனுக்கு ஆறு வயது. அச்சிறுவரே பின்னாளில் பொறுப்பாட்சிப் போராட்டத்தில் ஈடுபட்டுக் குடும்பச் சொத்தை இழந்து, 1954இல் திருவிதாங்கூர்-கொச்சி நிதியமைச்சராக உயர்ந்த பி.எஸ். நடராஜ பிள்ளை. தந்தை தமிழன்னையைப் பாடினார். மகன் கேரள மக்களுக்குத் தொண்டாற்றினார். இவ்விரண்டும் ஒரு குடும்பத்துள் முரணின்றி நின்றன.

நிற்க. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு முதலிய வட்டங்கள் தமிழ்நாட்டுடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக் கோட்டை நாம் மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டா. ஆனால் நம் இல்லத்துள் நிகழ்வது நம் கையில் உள்ளது. நம் சிறார் தமிழ் பேசுகின்றனர். எழுத்தறியாமையால் வாழ்த்துப் பாடலையே மலையாள எழுத்தில் எழுதிவைத்து மனனம் செய்கின்றனர். மலையாளத்தை அவர்கள் நன்கு கற்கட்டும். அது அவர்க்குச் சோறிடும் மொழி. அத்துடன் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தாயும் தந்தையும் உடனிருந்து உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் கற்பித்தால், ஓராண்டிற்குள் அப்பாடலைத் தமிழ் எழுத்திலேயே படிப்பர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து தமிழ்த்தாய்க்குப் பாமாலை சூட்டிய பேராசிரியர்க்கு இக்குடியிருப்பு செலுத்தத்தக்க காணிக்கை அதுவே என்பது எம் துணிபு.

வாழ்க சுந்தரனார் புகழ்!